தற்போது தனியாக வசிக்கும் திரு. தர்மராஜ்

ஜூன் 5, திங்கள்

இன்று எனக்கு மூட்டுவாதம். சனிக்கிழமை இடுப்பெலும்பு முறிந்தது, நேற்று குணமாகி வீடு திரும்பினேன், இன்று காலை காப்பி ஆறுவதற்குள் மூட்டுவாதக்காரன் ஆகிவிட்டேன்.

பியூலாவின் வேலை இது. என் மனைவி. பதினெட்டு வருடமாகப் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அயர்லாந்துக்கு வேலைக்குப் போவதற்காக, நர்சுகளுக்கென்று நடக்கும் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஜூலை எட்டாம் தேதி திருவனந்தபுரத்தில் பரீட்சை. அதில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து, இவரை இன்னொரு டாக்டருக்கு அனுப்பிக் கடிதம் எழுது என்பார்களாம். பயிற்சிக்குத் தினம் ஒரு கடிதம். கற்பனைப் பெயர் வைத்தால் மனதில் நிற்கவில்லை என்று எல்லாக் கடிதத்திலும் நோயாளியாக என்னையே போட்டுவிட்டாள். விடியற்காலையில் அவள் கையால் எழுதுவாள். தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருக்கும் என் டைப்பிங் கடையில் நான் அதை அடித்து, கோட்டயத்தில் இருந்து ஆன்லைனில் பாடம் எடுக்கும் மேடத்துக்கு அனுப்புவேன். மேடம் சிவப்பில் திருத்தி அனுப்புவார். நான் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். என் நோய்களை நானே சுமக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடிதத்தில் நோயாளி சாகக் கூடாது என்பது விதி. செத்தவனை எந்த டாக்டருக்கும் அனுப்ப முடியாது. அதனால் பிழைத்திருக்கிறேன்.

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனி அவளுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. அவளுக்கு ஒரு நோட்டு என்றால் எனக்கும் ஒன்று இருக்கட்டும். ஒரு விஷயத்தை முதலிலேயே எழுதி வைக்கிறேன். அயர்லாந்துக்குப் போ என்று முதலில் சொன்னவன் நான்தான். தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 8, வியாழன்

கோட்டயத்து மேடம் கடிதம் முழுக்கச் சிவப்பாக்கி அனுப்பிவிட்டார். பியூலா முகம் சுண்டிவிட்டது.

விஷயம் இதுதான். இங்கிலீஷில் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது 'ஹூ' போட்டு வாக்கியத்தை நீட்டுவார்கள். திரு. தர்மராஜ், ஹூ டேக்ஸ் இன்சுலின், என்று இவள் எழுதியிருக்கிறாள். போதாது என்கிறார் மேடம். எப்படிப் போடுகிறார், எத்தனை தடவை, எப்போதிருந்து என்று சொல்லும் சொல் அந்த 'ஹூ'வுக்குள்ளேயே வர வேண்டுமாம். ரெகுலர்லி, ரேர்லி, ரீசன்ட்லி என்று ஒரு பட்டியலே அனுப்பியிருக்கிறார்.

"மேடம் சொல்லுறது சரிதான் அத்தான். மருந்து எடுக்கிறவருன்னு மட்டும் எழுதுனா அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? ஒழுங்கா எடுக்கிறவரா, எப்பவாவது எடுக்கிறவரா? ஆளோட உயிரே அந்த ஒத்த வார்த்தையிலதான இருக்கு."

"எனக்குத் தெரிஞ்சது ரெண்டு வார்த்தைதான். ஹம்ப்லி, கைண்ட்லி. இருவத்தஞ்சு வருசமா மனு அடிக்கேன். அது ரெண்டும் இல்லாம தாலுகா ஆபீஸ்ல ஒரு பட்டா மாறியிருக்கா?"

"நீங்க பேசாம இருங்க. நம்ம தமிழ்ல ஆளப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டு கடைசியில ஆளக் கொண்டாந்து நிறுத்துவோம். இவங்க ஆள முதல்ல நிறுத்திட்டு, பெறகு அவரப் பத்திப் பேசுறாங்க. அதான் எனக்கு எடம் தெரியாம முட்டுது."

"நம்ம தெருவுலயும் அப்படித்தான். ஆளு அந்தப் பக்கம் போன பெறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்."

சிரித்துவிட்டாள். அவளைச் சிரிக்க வைத்தால் எனக்கு அன்றைய தினம் லாபம்.

ஜூன் 12, திங்கள்

கடை ஸ்கேனர் மக்கர் பண்ணுகிறது. பியூலாவின் சர்டிபிகேட்டுகளை இந்த வாரமும் அயர்லாந்து வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு அனுப்ப முடியவில்லை. தன்னுடைய பிராஜெக்ட் படத்துக்கு மட்டும் நேற்று அது வேலை செய்ததே என்று மகள் கெசியா கேட்கிறாள். ஒன்பதாம் வகுப்பிலேயே இவ்வளவு வாய்.

ஜூன் 15, வியாழன்

சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டாள். சீரகம். சோம்பு. புட்டு மாவு. இடியாப்ப மாவு. இரண்டு பேருக்கு எத்தனை டம்ளர் அரிசி, எவ்வளவு தண்ணீர் என்று அடுப்புக்கு மேலே ஒரு சீட்டு. நாற்பத்தொன்பது வயதில் எனக்குச் சீரகம் தெரியாதா என்று கோபம் வந்தது. தெரியாது என்பது வேறு விஷயம்.

"மூணு பேர் இருக்கோம். ரெண்டு பேருக்குன்னு எதுக்கு எழுதிருக்க?" என்றேன்.

அவள் பசை தடவிக்கொண்டே இருந்தாள். நானும் மறுபடி கேட்கவில்லை.

சாப்பிடும்போது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்கு என்றால், நாளைக் கடிதத்துக்கு நோயாளி எப்படிச் சாப்பிடுகிறார் என்று குறிப்பு வேண்டுமாம். முதுகை நிமிர்த்தி, பண்போடு, மெதுவாகச் சாப்பிட்டேன். "சும்மா சாப்பிடுற மாதிரி சாப்பிடுங்க" என்று திட்டினாள். சிலிண்டர் வந்தது. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஜூன் 18, ஞாயிறு

என்னத்தைச் சொல்ல. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பியூலாவுக்குக் காலை டியூட்டி. நானும் கெசியாவும் மட்டும் கோயிலுக்குப் போனோம். எங்கள் சபையில் வாசல் பக்கம் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. வாரத்தில் யாராவது சீட்டு எழுதிப் போட்டால், ஞாயிறு ஆராதனையில் ஐயர் அதை வாசித்து ஜெபிப்பார். சபைகுருவை நாங்கள் ஐயர் என்போம். ஜெயசீலன் ஐயர் நல்ல மனுஷர், கண் மட்டும் கொஞ்சம் மங்கல்.

இரண்டு குழந்தை வரம், ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம் முடிந்தது. நான்காவது தாளை எடுத்த ஐயர் அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிரியமானவர்களே, நம்முடைய சகோதரி ஒருவர் வாயால் சொல்ல முடியாத பாரத்தை, டாக்டருடைய கடிதமாகவே பெட்டியில் போட்டிருக்கிறார்கள். சகோதரர் தர்மராஜ், வயது நாற்பத்தொன்பது. சமீபத்தில் கடுமையான இருதய நோய் கண்டுபிடிக்கப்பட்டவர். மருந்துகளை ஒழுங்காக உட்கொள்ளாதவர். தற்போது..." ஐயர் தொண்டையைச் செருமினார். "தற்போது தனியாக வசிப்பவர்."

சபையே என் பக்கம் திரும்பியது. எனக்கு விளங்கிவிட்டது. என் வீட்டில் ஒரு பக்கம் அடித்த தாளை யாரும் வீணாக்குவது கிடையாது. பியூலா பரீட்சைக்காக ஜெபம் கேட்டுப் பென்சிலால் நாலு வரி எழுதியிருக்கிறாள், ஒரு பயிற்சிக் கடிதத்தின் பின்பக்கத்தில். ஐயர் முன்பக்கத்து இங்கிலீஷைத் தமிழாக்கி வாசித்துவிட்டார்.

நான் எழுந்தேன். "ஐயா, அது வந்து..." என்பதற்குள் இந்தப் பக்கம் இருந்த ரிட்டையர்டு போஸ்ட் மாஸ்டர் என் தோளைப் பிடித்து அமுக்கிவிட்டார். "நீங்க எந்திரிக்கவே கூடாது. அசையாம இருங்க." அந்தப் பக்கம் இருந்தவர் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். சபை முழுவதும் முழங்காலில் நின்றது. ஐயர் மனம் உருகி ஜெபித்தார். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. பாட்டுப் புஸ்தகத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு கெசியாவும் குலுங்கினாள். அவளும் அழுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஆராதனை முடிந்ததும், நான் கிட்டே போவதற்குள், ஐயர் அடுத்த ஊர்க் கோயில் ஆராதனைக்கு ஓடிவிட்டார்.

பியூலா வந்து, கேட்டு, தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஐயருக்கு நான் போன் போட்டுச் சொல்லிருதேன்" என்றாள்.

"வேண்டாம், நீ படி. நானே சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

ஜூன் 20, செவ்வாய்

ஹார்லிக்ஸ் பாட்டில் ஏழு. ஆப்பிள் சுமார் ஐந்து கிலோ. கொய்யாப்பழம். ஒருவர் மட்டும் துணிந்து மஸ்கோத் அல்வா கொண்டு வந்தார், அவரைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

எல்லாரிடமும் உண்மையைச் சொல்லத்தான் செய்கிறேன். "எனக்கு ஒண்ணும் இல்லங்க" என்கிறேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "இந்த நேரத்துலயும் எப்படித் தைரியமாப் பேசுறாரு" என்கிறார்கள். மூன்று பேருக்குமேல் சொல்லி அலுத்துவிட்டது. ஐயருக்கு இன்னும் போன் போடவில்லை. அவருக்கு எவ்வளவோ வேலை இருக்கும்.

ஜூன் 22, வியாழன்

விஷயம் கேள்விப்பட்டு அக்கா சாத்தான்குளத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். ஞானசுந்தரி அக்கா, எனக்குப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு எங்களுக்கு அவள்தான் எல்லாம். நாலு நாள் தங்குவாளாம். வாசலிலேயே என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னல இப்படி மெலிஞ்சிட்ட" என்று அழுதாள். இந்த வாரம் மட்டும் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன்.

பிறகு பியூலா பக்கம் திரும்பினாள். "ஏட்டி, புருஷன் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு இருக்கான். நீ கப்பல் ஏறப் போறியோ?"

"கப்பல் இல்ல மதினி, பிளேன்" என்றாள் பியூலா.

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றேன். சொல்லும்போது என் கை தானாக நெஞ்சுக்குப் போய்த் தேய்த்துக்கொண்டது. சாப்பாடு கொஞ்சம் கனம். அவ்வளவுதான். "லேசா பாரமா இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று சேர்த்துச் சொன்னேன். அது பொய் இல்லை. அல்வா பாரம்தானே.

பியூலா பி.பி. கருவியை எடுத்து வந்து பார்த்தாள். நூற்றிருபது, எண்பது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். "ம்" என்று சொல்லிவிட்டுக் கருவியைச் சுருட்டி வைத்தாள்.

ஜூன் 24, சனி

இன்று காலை அவள் கடிதம் எழுதவில்லை. டைப் அடிக்க எதுவும் இல்லாமல் கடைக்குப் போனேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது சொன்னாள். "அத்தான், நான் பரிச்சைக்குப் போகல."

அக்கா மோரை ஊற்றிக்கொண்டே, "இப்பத்தான் குடும்பப் பொம்பள மாதிரிப் பேசுத" என்றாள்.

பியூலா என்னையே பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள் என்று தோன்றியது.

"உன் இஷ்டம்" என்றேன்.

அவள் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். நான் தடுக்கவில்லை. தேதி போட்டே எழுதி வைக்கிறேன். நான் தடுக்கவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

கோயில். கோழிக் குழம்பு. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 27, செவ்வாய்

அக்கா நேற்று ஊருக்குப் போனாள். இன்று பியூலா கடைக்கே வந்து ஒரு கட்டுத் தாளை மேஜையில் வைத்தாள். "பின்பக்கம் காலியா இருக்கு. கடையில ரஃபுக்கு வச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். அவள் எழுதிய கடிதங்கள், மேடத்தின் சிவப்புத் திருத்தத்தோடு. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

இத்தனையும் நான் டைப் அடித்தவைதான். ஆனால் டைப் அடிப்பவன் வாசிப்பதில்லை. கண்ணில் நுழைந்து விரலில் வெளியே போய்விடும், நடுவில் எங்கும் தங்காது. இருபத்தைந்து வருடப் பழக்கம். இன்று மழைத் தூற்றலில் கடைக்கு ஆள் வரவில்லை. முதல் தடவையாக வாசித்தேன்.

நோய் ஒவ்வொன்றிலும் வேறு வேறு. எனக்கு நிமோனியா, குடலிறக்கம், தீக்காயம், ஒரு தடவை நாய்க்கடி. ஆனால் நோய்க்குறிப்பில் இல்லாத ஒரு 'ஹூ' ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கிறது. கோட்டயத்துப் பாடத்தை என் மேல்தான் பழகிப் பார்த்திருக்கிறாள்.

திரு. தர்மராஜ், சாப்பிடாமலே சாப்பிட்டுவிட்டதாக வழக்கமாகச் சொல்பவர். திரு. தர்மராஜ், மழை வரும்போதெல்லாம் சத்தமில்லாமல் எழுந்து மனைவியின் யூனிபாரத்தைக் கொடியில் இருந்து எடுத்து வைப்பவர். திரு. தர்மராஜ், பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட மனைவியின் டியூட்டி நேரத்தைக் குறை சொல்லாதவர். திரு. தர்மராஜ், பயந்துபோனால் மிகவும் சத்தமாகப் பேசுபவர்.

ஒவ்வொன்றின் மேலும் மேடத்தின் சிவப்புக் கோடு. ஓரத்தில் ஒரே குறிப்பு: இந்த டாக்டருக்கு இது தேவையில்லை, நீக்கவும். மறுநாள் கடிதத்தில் இவள் மறுபடி ஒன்று எழுதியிருக்கிறாள். மறுபடி கோடு. நாற்பத்தொரு நாளும் அந்த அம்மாள் கோடு அடித்திருக்கிறார், நாற்பத்தொரு நாளும் இவள் எழுதியிருக்கிறாள்.

கடைசி ஏழெட்டுக் கடிதங்களில் மட்டும் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஐயர் வாசித்தாரே, அது. தற்போது தனியாக வசிப்பவர். ஹூ கரன்ட்லி லிவ்ஸ் அலோன். குறிப்புகளில் எங்கும் அது இல்லை. இவளாகவே போட்டிருக்கிறாள். வீட்டில் நான் இருக்கிறேன், கெசியா இருக்கிறாள், இவளே இருக்கிறாள். இருந்தும் என்னை அந்தக் கடிதங்களில் தனியாகக் குடிவைத்துவிட்டாள். டப்பாவுக்குப் பெயர் ஒட்டிய கையோடு இதையும் எழுதியிருப்பாள்.

மேடம் அதை மட்டும் அடிக்கவில்லை. பக்கத்தில் 'டிக்' போட்டு, நன்று, இது தேவையான தகவல் என்று எழுதியிருக்கிறார்.

கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு அல்பன். இதற்கு இங்கிலீஷில் எந்த வார்த்தையும் முன்னால் சேர்க்க வேண்டாம். ஒருத்தி விடியற்காலையில் எழுந்து என்னை இவ்வளவு பார்த்திருக்கிறாள். நான் ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டு அவள் பரீட்சையைக் கெடுத்திருக்கிறேன்.

ஜூலை 1, சனி

ஐயர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐயர் முதலில் சிரித்தார், பிறகு, "நான் வாசிச்ச தப்பை நானே சபையில சொல்லிருதேன். நீங்க கூச்சப்பட வேண்டாம்" என்றார்.

"நீங்க வாசிச்சது தப்பு ஐயா. அதுக்குப் பெறகு நடந்தது என் தப்பு. ரெண்டு நிமிசம் கொடுங்க, நானே சொல்லுதேன்."

பியூலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு அவளுக்கு டியூட்டி இல்லை.

ஜூலை 2, ஞாயிறு

அறிவிப்புகள் முடிந்ததும் ஐயர் என்னைக் கூப்பிட்டார். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லப் போகிறேன் என்று சபை நினைத்துக்கொண்டது. போஸ்ட் மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்துப் படி ஏற்றி விட்டார். மைக் முன்னால் நின்றேன். மற்றவர்களுக்கு ஆயிரம் மனு எழுதியவன். எனக்கென்று ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.

"எனக்கு இருதய நோய் இல்ல. எந்த நோயும் இல்ல. போன மாசம் வாசிச்சது என் வீட்டுக்காரி பரிச்சைக்கு எழுதிப் பழகுன கடிதம்" என்றேன்.

யாரோ "அல்லேலூயா" என்றார். சுகம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார் போலும்.

"சுகம் கிடைக்கல. நோயே இல்ல. நீங்க எல்லாரும் வீட்டுக்கு வந்திய, பழம் தந்திய, முழங்கால்ல நின்னு ஜெபிச்சிய. நான் வாயத் திறந்து சரியாச் சொல்லல. ஏன்னா எனக்கு நோய் இருந்தா என் வீட்டுக்காரி போக மாட்டா. அவ போறது எனக்குப் பிடிக்கல. போ போன்னு ஊரெல்லாம் சத்தம் போட்டதும் நான்தான். அது பொய். அவ பதினெட்டு வருசம் அடுத்தவங்களுக்கு ஓடியிருக்கா. அவளுக்குன்னு ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். அதை நான் நெஞ்சைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கெடுத்துட்டேன். அவ வர்ற சனிக்கிழமை பரிச்சை எழுதணும். நீங்க ஜெபிக்கணும்னா அதுக்கு ஜெபிங்க."

பெண்கள் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை. இறங்கும்போது படியில் தடுக்கியது. யாரும் பிடிக்க வரவில்லை, அது நியாயம்தான். ஐயர் முழங்காலிடச் சொன்னார். இந்தத் தடவை நானும் முழங்காலில் நின்றேன்.

வெளியே வந்தபோது போஸ்ட் மாஸ்டர் மட்டும் கிட்டே வந்தார். "அந்த மஸ்கோத் அல்வா மிச்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் பியூலா சேலையைக்கூட மாற்றாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"நெஞ்சு வலிக்கிறவன் வலது பக்கம் தேய்க்க மாட்டான் அத்தான்" என்றாள். "நான் நர்ஸ்."

"அப்ப அன்னைக்கே தெரியுமா?"

"பி.பி. பாக்கதுக்கு முன்னாலயே தெரியும்."

"பெறகு ஏன் பரிச்சைக்குப் போகலன்ன?"

கத்தியைக் கீழே வைத்தாள். வெங்காயத்துக்கு என்று சொல்லிக்கொள்ளலாம், கண் நிறைய இருந்தது. "நீங்க போன்னு சொல்லுவியன்னு பாத்தேன். சும்மா, சத்தமில்லாம. சொல்லல. சரி, எனக்கும் ஒரு சாக்கு ஆச்சுன்னு இருந்துட்டேன்."

"உனக்கு எதுக்கு சாக்கு?"

"பயமா இருக்கு."

"பரிச்சையா?"

"பரிச்சை என்ன பெரிய பரிச்சை. நான் போய், நீங்க ரெண்டு பேரும் நான் இல்லாம கஷ்டப்பட்டா எனக்குத் தாங்காது. கஷ்டப்படாம நல்லா இருந்துட்டியன்னா அதுவும் தாங்காது. எதுக்குப் பயப்படுறதுன்னே தெரியாமப் பயமா இருக்கு."

பக்கத்தில் போய் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். மூன்றாவது வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "போ" என்றேன். சத்தமில்லாமல்தான் சொன்னேன். அவள் தலையை என் தோளில் இடித்தாள். கெசியா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பசிக்கி, அழுது முடிச்சதும் சொல்லுங்க" என்று போய்விட்டாள்.

ஜூலை 3, திங்கள்

பழைய வழக்கம் திரும்பிவிட்டது. இன்று எனக்கு ஆஸ்துமா. அக்கா போனில் அரை மணி நேரம் திட்டினாள். கடைசியில், பியூலாவுக்கு முறுக்கு சுட்டு அனுப்புகிறேன், அந்தக் குளிர் ஊருக்கு நமுத்துப் போகாமல் இருக்குமா என்று கேட்டாள்.

ஜூலை 5, புதன்

சர்டிபிகேட் பதினொன்றும் ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்தன.

ஜூலை 8, சனி

காலை ரயிலில் திருவனந்தபுரம். நாகர்கோவில் தாண்டும்வரை அவள் மேடத்தின் பட்டியலையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பரீட்சைக் கட்டடத்துக்குள் என்னை விடவில்லை. எதிரே பஸ் ஸ்டாப்பில் மூன்றரை மணி நேரம் நின்றேன். அவள் உள்ளே எழுதுகிற நேரத்தில் நான் உட்காருவது சரியாகப் படவில்லை.

வெளியே வந்தவள் முதலில் தண்ணீர் கேட்டாள்.

"யாரு நோயாளி?"

"ஒரு வயசான அம்மா. கால்ல புண்ணு. மகளோட இருக்காங்க."

"நல்ல வேள."

"தேவையில்லாத வார்த்த ஒண்ணுகூட எழுதல அத்தான். கை பரபரன்னு வந்துச்சு. அந்த அம்மா யாருக்குத் துணி எடுத்து வச்சாங்க, யாருக்கு எடுத்து வைக்கலன்னு எனக்கு என்ன தெரியும்? அதனால சுலபமாப் போச்சு."

ஜூலை 17, திங்கள்

ரிசல்ட்டைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று வீட்டில் சட்டம். புட்டு அவித்தேன். உதிர்ந்துவிட்டது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஜூலை 25, செவ்வாய்

ரிசல்ட் என் கடைக் கம்ப்யூட்டரில்தான் வந்தது. பதினொன்றரை மணிக்கு. பியூலா டியூட்டியில் இருந்தாள், டியூட்டியில் அவள் போனைத் தொடமாட்டாள். நான்கு பகுதியிலும் கேட்ட கிரேடு கிடைத்திருக்கிறது. எழுத்தில் கேட்டதைவிட ஒரு படி மேலே.

மனு அடிக்க வந்தவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினேன். பைக் சாவியை மேஜையில் வைத்தே பூட்டிவிட்டேன் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மறுபடி திறக்கக் கை ஓடவில்லை. நடந்தே போனேன். வழியெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. வெயில் அப்படி. இல்லை, இன்றைக்காவது உண்மையை எழுதுகிறேன். அழுதுகொண்டேதான் நடந்தேன்.

பெண்கள் வார்டில் ஒரு வயதான அம்மாளுக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கை நின்றது.

"போச்சா?" என்றாள்.

தலையை எப்படியோ ஆட்டினேன்.

அவள் மாற்ற வேண்டியதைச் சரியாக மாற்றி, சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்தாள். "பரவால்ல. அழாதிய. அடுத்த தடவ பாக்கலாம்" என்று என் முதுகைத் தடவினாள். அப்போது அவள் முகத்தில் இருந்தது வருத்தமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு கணம் நான் சும்மா இருந்தேன். அந்தக் கணத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"பாஸ்" என்றேன். "நாலுலயும். நீ போற."

அவள் அப்படியே அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். பதினெட்டு வருடமாக அந்த வார்டில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லையாம், ஆயாம்மா ஓடி வந்துவிட்டார்.

கட்டிலில் இருந்த அந்த வயதான அம்மாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "யாரும்மா இது?"

"எங்க வீட்டுக்காரருதான்."

"பாவம். அவருக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல பாட்டி" என்றாள் பியூலா. முந்தானை இல்லாத யூனிபாரம், அதனால் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். "நல்லாத்தான் இருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தை நேராகப் பார்த்து, "நல்லா இருப்பாரு" என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.